பழைய லேப்டாப்பில் என்ன கேம் ஓடும்?

“மச்சான், என் லேப்டாப்ல என்ன கேம்டா ஓடும்?”

ஹாஸ்டலில் ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருத்தர் கேட்கிற கேள்வி இது. பதிலும் ஒவ்வொரு வருஷமும் ஒண்ணுதான். “ரேம் எவ்வளவு? நாலு ஜி.பி.யா? அப்போ கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 போடு. வேற எதுவும் ஓடாது.” கேட்டவர் அதோடு விட்டுவிட்டு, ஆர்.டி.எக்ஸ். கார்டு போட்ட லேப்டாப் வைத்திருக்கும் ரூம்மேட் பின்னாடி உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6 நல்ல கேம்தான், அதில் சண்டை இல்லை. “வேற எதுவும் ஓடாது” என்பதில்தான் சண்டை. அக்காவோ அண்ணனோ பிளஸ் டூ முடித்தபோது வந்த விலையில்லா மடிக்கணினி, மாமா ஆபீஸில் மாற்றியபோது கைக்கு வந்த லேப்டாப், ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் மெஷின் என்று நம்மில் பல பேரிடம் இருப்பது பத்துப் பன்னிரண்டு வருஷப் பழசு. அதில் ஆட முடிகிற கேம்களை ஆடி முடிக்கவே நாலு வருஷம் பத்தாது. தேடுகிற முறைதான் தெரியணும்.

இன்டர்நெட்டில் “லோ எண்ட் பி.சி. கேம்ஸ், டாப் 50” என்று வரும் பட்டியல்களை நம்பி இறங்காதீங்க. அதை எழுதுகிறவருக்கு லோ எண்ட் என்றால் தனி கிராபிக்ஸ் கார்டு போட்ட, கொஞ்சம் பழைய டெஸ்க்டாப். நமக்கு லோ எண்ட் என்றால் கார்டே கிடையாது. ரெண்டும் வேற வேற கிரகம். அதனால் பட்டியலை மூடி வைத்துவிட்டு, நம்ம மெஷினை முதலில் படிப்போம். ஒரு உதாரணத்துக்கு 2011-12 காலத்து லேப்டாப் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: இன்டெல் பிராசசர், 4 ஜி.பி. ரேம், தனி கார்டு இல்லை, திரை 1366×768.

ரேமுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது

விண்டோஸ் பட்டனையும் ஆர் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்று ஆறு எழுத்தை டைப் பண்ணி என்டர் தட்டுங்க. வரும் முதல் பக்கத்திலேயே “டைரக்ட்எக்ஸ் வெர்ஷன்: 12” என்று இருக்கலாம். பார்த்ததும் சந்தோஷப்பட வேண்டாம். அது விண்டோஸ் 10-க்குள் இருக்கும் சாஃப்ட்வேரின் எண். உங்கள் கிராபிக்ஸ் சிப்புக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. அடுத்த டேப், அதாவது டிஸ்ப்ளே பக்கத்துக்குப் போங்க. அங்கே “ஃபீச்சர் லெவல்ஸ்” என்று ஒரு வரி இருக்கும். அதில் எழுதியிருக்கும் மிகப் பெரிய எண் எதுவோ அதுதான் உங்கள் மெஷினின் உண்மையான வயசு.

10.1 என்று நின்றுவிட்டால், டைரக்ட்எக்ஸ் 11 கட்டாயம் என்று கேட்கும் எந்த கேமும் திறக்காது. மெதுவாக ஓடும் என்று நினைக்காதீங்க, திறக்கவே திறக்காது. ரேமை 16 ஜி.பி. ஆக்கினாலும் திறக்காது. ஏனென்றால் கேம் கேட்கிற வேலையைச் செய்யும் சர்க்யூட்டே அந்தச் சிப்புக்குள் இல்லை.

இது எவ்வளவு மெல்லிய கோடு என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2011-ல் வந்த இரண்டாம் தலைமுறை இன்டெல் கோர் பிராசசர்களில் இருந்தது எச்.டி. கிராபிக்ஸ் 3000. அது 10.1-ல் நிற்கும். அடுத்த வருஷமே வந்த மூன்றாம் தலைமுறையில் எச்.டி. கிராபிக்ஸ் 4000. அது 11. வெளியில் பார்த்தால் ரெண்டும் ஒரே லேப்டாப் மாதிரிதான் இருக்கும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-வின் டெஃபினிட்டிவ் எடிஷன் (2019) தன்னுடைய குறைந்தபட்சத் தேவையில் எச்.டி. 4000-ஐச் சொல்கிறது. அதற்காக 2022-ல் வந்த ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ என்ற கூடுதல் தொகுப்பில் ராஜேந்திர சோழன் பெயரிலேயே ஒரு கேம்பெயின் இருக்கிறது. ஆக, ஒரு வருஷ வித்தியாசத்தில் ஒருவர் சோழர் படையை நடத்துவார், இன்னொருவர் எரர் மெசேஜைப் பார்ப்பார். எச்.டி. 3000 வைத்திருப்பவருக்கு 1999-ல் வந்த ஒரிஜினல் இருக்கவே இருக்கு. அது கேட்ட ரேம் வெறும் 32 எம்.பி.

இன்னொரு குழப்பம்: பென்டியம், செலரான் மெஷின்களில் பெயருக்குப் பின்னால் எண்ணே இருக்காது, வெறும் “இன்டெல் எச்.டி. கிராபிக்ஸ்” என்று மட்டும் இருக்கும். இந்தப் பெயரில் பல தலைமுறைச் சிப்புகள் வந்திருக்கின்றன. அதனால்தான் பெயரை விட்டுவிட்டு ஃபீச்சர் லெவலைப் பாருங்க என்கிறேன்.

ஏ.எம்.டி. ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. 2011-ல் வந்த இ-350 மாதிரிச் சிப்புகளில் டைரக்ட்எக்ஸ் 11 உண்டு. ஆனால் பிராசசர் 1.6 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ரெண்டே கோர், அதுவும் சின்னக் கோர். கதவு திறக்கும், உள்ளே நடக்கத்தான் முடியாது. எனவே ஃபீச்சர் லெவல் என்பது நுழைவுச் சீட்டு மட்டும். உள்ளே போனபிறகு நடப்பது வேற கணக்கு.

16.7 மில்லி செகண்ட்

ஒரு கேம் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டுமென்றால் வினாடிக்கு 60 படம். ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி செகண்ட். 30 படம் போதும் என்றால் 33.3. அந்த நேரத்துக்குள் பிராசசர் விளையாட்டின் நிலையைக் கணக்குப் போட வேண்டும், கிராபிக்ஸ் சிப் படத்தை வரைய வேண்டும். இதில் யார் லேட் பண்ணுகிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் மொத்த விஷயமும்.

கண்டுபிடிக்க லேப் எக்ஸ்பெரிமென்ட் மாதிரி ஒரு வழி இருக்கு. ஒரே ஒரு வேரியபிளை மட்டும் மாற்றுங்க. கேமின் செட்டிங்கில் ரெசல்யூஷனை 1366×768-லிருந்து 1024×576-க்கு இறக்குங்க. வரைய வேண்டிய புள்ளிகள் சுமார் பத்தரை லட்சத்திலிருந்து ஆறு லட்சத்துக்கும் கீழே வந்துவிடும், கிட்டத்தட்ட பாதி. இப்போது எஃப்.பி.எஸ். எகிறினால் இதுவரை லேட் பண்ணியது கிராபிக்ஸ் சிப். ரெசல்யூஷனைக் குறைத்தும் அதே எஃப்.பி.எஸ். நின்றால் பிராசசர்தான் மூச்சு வாங்குகிறது. அப்போது நிழல், புல் என்று எதைக் குறைத்தாலும் பெரிதாகப் பிரயோஜனம் இல்லை. மேப் சைஸ், எதிரிகளின் எண்ணிக்கை, எவ்வளவு தூரம் தெரிய வேண்டும் என்பது மாதிரியானவற்றைத்தான் குறைக்க வேண்டும். ஸ்டீமில் எஃப்.பி.எஸ். காட்டும் வசதி இருக்கு, செட்டிங்கில் இன்-கேம் பகுதியில் ஆன் பண்ணிக்கொள்ளலாம்.

கிராபிக்ஸ் சிப்தான் குற்றவாளி என்று தெரிந்தால், ரேமைப் பற்றி இப்போது பேசலாம். நாம் வழக்கமாகக் கேட்கிற “எத்தனை ஜி.பி.?” இல்லை, “எத்தனை ஸ்டிக்?”

தனி கார்டுக்குச் சொந்த மெமரி உண்டு. நம்ம சிப்புக்குச் சொந்தமாக எதுவும் இல்லை, பிராசசர் சாப்பிடும் தட்டிலேயே அதுவும் கை வைக்க வேண்டும். டிடிஆர்3-1333 ஸ்டிக் ஒன்று வினாடிக்கு 1333 மில்லியன் முறை, ஒவ்வொரு முறையும் 8 பைட் கொடுக்கும். பெருக்கினால் வினாடிக்கு 10.6 ஜி.பி. ரெண்டு ஸ்டிக் போட்டால் ரெண்டு பாதை திறந்து 21 ஜி.பி. ஆகும். பழைய லேப்டாப்கள் பல ஒரே ஒரு ஸ்டிக்கோடுதான் வந்தன, பக்கத்து ஸ்லாட் காலியாகவே கிடக்கும். அதில் இன்னொரு ஸ்டிக்கைப் போட்டால் ரேம் கூடுவது ஒரு லாபம், கிராபிக்ஸ் சிப்புக்குப் பாதை ரெட்டிப்பாவது அதைவிடப் பெரிய லாபம். நம்ம பட்ஜெட்டில் செய்யக்கூடிய அப்கிரேடுகளில் கேமுக்கு நேரடியாக உதவுவது இதுதான். எஸ்.எஸ்.டி. போட்டால் மெஷின் சீக்கிரம் எழுந்திருக்கும், லோடிங் திரை சீக்கிரம் போகும். எஃப்.பி.எஸ். கூடாது.

வாங்கும் முன் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்துவிடுங்க. சில மாடலில் ஒரே ஸ்லாட்தான். டிடிஆர்3, டிடிஆர்3எல் என்று ரெண்டு வகை இருக்கு, முதலாவது 1.5 வோல்ட், இரண்டாவது 1.35. சந்தேகமாக இருந்தால் எல் வகையைக் கேட்டு வாங்குங்க, அது பொதுவாக ரெண்டு வோல்டேஜிலும் வேலை செய்யும். டிடிஆர்4 ஸ்லாட்டுக்குள்ளேயே போகாது. விண்டோஸ் 32 பிட்டா என்றும் பாருங்க. அப்படியிருந்தால் 4 ஜி.பி.க்கு மேல் போட்டது வீண், 64 பிட் விண்டோஸ் போட்டபிறகுதான் பயன்படும்.

பார்க்க லேசு, ஓட்டக் கனம்

பழைய மெஷினில் தேடுகிறவர்கள் பொதுவாகச் செய்வது, ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து முடிவெடுப்பது. பிக்சல் பிக்சலாக இருக்கு, டூடி-யாக இருக்கு, அப்போ ஓடும். இந்த லாஜிக் பாதி நேரம் காலை வாரும்.

ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் என்று ஒரு கேம். டார்ன் ஆடம்ஸ், ஜாக் ஆடம்ஸ் என்ற அண்ணன் தம்பி உருவாக்கியது, 2006-ல் முதல் வெளியீடு. அதன் இலவசப் பதிப்பில் படமே கிடையாது, கீபோர்டில் இருக்கும் எழுத்துகளும் குறிகளும்தான் திரையில் தெரியும். இதைவிட லேசான கேம் இருக்க முடியுமா என்று தோன்றும். ஆனால் திரைக்குப் பின்னால் ஒவ்வொரு குள்ளனுடைய மனநிலை, காயம், உறவு, அவன் எந்த வழியாக நடக்க வேண்டும், தண்ணீர் எந்தப் பக்கம் வழியும் என்று எல்லாவற்றையும் பிராசசர் ஓயாமல் கணக்குப் போடுகிறது. ஆரம்பத்தில் ஏழு பேர். கோட்டை வளர்ந்து நூறு பேரைத் தாண்டும்போது புது மெஷினே திணறும். ஆடுகிறவர்கள் இதற்கு ‘எஃப்.பி.எஸ். சாவு’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பழைய மெஷினில் ஆட முடியாதா? முடியும். உலகத்தைச் சின்னதாக உருவாக்கி, மக்கள் தொகைக்கு ஒரு வரம்பு வைத்தால் நன்றாகவே ஆடலாம்.

எதிர்ப்பக்கத்தில் ஹாலோ நைட் (2017). இங்கே பிராசசருக்குப் பெரிய வேலை இல்லை. கையால் வரைந்த டூடி படங்கள்தான். ஆனால் பனி, தூசி, முன்னால் தொங்கும் செடி, பின்னால் மங்கலான மண்டபம் என்று ஒளி ஊடுருவும் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. ஒரே புள்ளியைத் திரும்பத் திரும்ப வரைய வேண்டும், ஒவ்வொரு தடவையும் மெமரியைத் தொட வேண்டும். அது குறைந்தபட்சம் என்று குறிப்பிடும் கார்டு ஜிஃபோர்ஸ் 9800 ஜி.டி.எக்ஸ். பிளஸ். 2008-ல் வந்த பழைய கார்டுதானே என்று தோன்றும். அந்தக் கார்டின் சொந்த மெமரி வினாடிக்கு 70 ஜி.பி. கொடுக்கும். நம்மிடம் இருப்பது 10.6, அதுவும் பங்கு போட்டு. கார்டு எந்த வருஷம் வந்தது என்று மட்டும் பார்க்காமல் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், ஏன் திக்குகிறது என்று உடனே புரியும்.

நேர்மாறாகவும் நடக்கும். ரோலர்கோஸ்டர் டைகூன் (1999) திரையில் நூற்றுக்கணக்கான ஆட்கள் நடப்பார்கள், ராட்டினம் சுற்றும், ஒவ்வொருவருக்கும் பசியும் வாந்தியும் தனித்தனியாக வரும். பார்த்தால் கனமான கேம். கிறிஸ் சாயர் அதில் 99 சதவீதத்தை அசெம்பிளியில் எழுதியிருக்கிறார். மைக்ரோபிராசசர் லேபில் ரெண்டு எண்ணைக் கூட்டவே நாம் படும் பாடு தெரியும்ல? அதே மாதிரி மொழியில் ஒரு முழுத் தீம் பார்க். உங்கள் பழைய லேப்டாப்புக்கு அது தூசு.

நான் ஆடச் சொல்வது

மேலே சொன்ன கணக்கின்படி பழைய மெஷினுக்கு இயல்பாகவே ஒத்துவரும் ஒரு வகை உண்டு: முறை வைத்து ஆடும் கேம்கள், அல்லது நினைத்த நேரத்தில் நிறுத்தி யோசிக்கவிடும் கேம்கள். 16.7 மில்லி செகண்டைத் தவறவிட்டாலும் அதில் யாரும் சாகமாட்டார்கள்.

அந்த வகையில் என் முதல் ஓட்டு எஃப்.டி.எல். (2012) கேமுக்கு. ஒரு விண்கலம், அதில் மூன்று நான்கு ஆட்கள், துரத்திவரும் எதிரிப் படை. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் எல்லாம் அப்படியே நிற்கும். ஆக்சிஜன் அறையில் தீ, கதவுக்கு வெளியே எதிரி, மின்சாரம் ஒரு யூனிட்தான் மிச்சம், அதை ஷீல்டுக்குக் கொடுப்பதா எஞ்சினுக்கா? கதவைத் திறந்து காற்றை வெளியே விட்டால் தீ அணையும், ஆனால் உள்ளே இருக்கும் நம்ம ஆளுக்கு மூச்சு? தோற்றுத் தோற்றுத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். ரெண்டே பேர் ஆரம்பித்தது. கிக்ஸ்டார்ட்டரில் 10,000 டாலர் கேட்டார்கள், 2 லட்சத்துக்கு மேல் வந்தது. தேவை 1 ஜி.பி. ரேம், 1280×720 திரை. நம்ம 1366×768 தாராளம்.

அடுத்தது ஓப்பன்டிடிடி. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கோங்க. மேலே சொன்ன அதே கிறிஸ் சாயர் தொண்ணூறுகளில் செய்த டிரான்ஸ்போர்ட் டைகூன் டீலக்ஸ் என்ற கேமை, 2004-லிருந்து தன்னார்வலர்கள் ஓப்பன் சோர்ஸாகத் திரும்ப எழுதி வளர்த்து வருகிறார்கள். முற்றிலும் இலவசம். நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து மின்நிலையத்துக்கு ரயில் விடுவதில் ஆரம்பிக்கும். பத்து ரயில் ஆனதும் ஜங்ஷனில் ஜாம். அப்போதுதான் சிக்னல் என்றால் என்ன என்று புரியும். எந்த இடத்தில் ரயில் நிற்க வேண்டும், எந்தப் பாதையை முன்கூட்டியே ஒதுக்க வேண்டும், ரெண்டு ரயில் ஒன்றை ஒன்று எதிர்பார்த்து ரெண்டுமே நகராமல் நின்றால் என்ன செய்வது? ஆபரேட்டிங் சிஸ்டம் பேப்பரில் டெட்லாக் என்று மனப்பாடம் பண்ணினோமே, அது இங்கே கண் முன்னாடி ஹார்ன் அடித்துக்கொண்டு நிற்கும். ரயிலையும் சிக்னலையும் வைத்து லாஜிக் கேட் கட்டியவர்களும் இருக்கிறார்கள். பெரிய மேப்பில் ஆயிரக்கணக்கான வண்டி விட்டால் பழைய பிராசசர் திணறும், எனவே 256×256 மேப்பில் ஆரம்பிங்க.

பேப்பர்ஸ், ப்ளீஸ் (2013) பார்க்க அழகான கேம் இல்லை. ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லையில் நீங்கள் பாஸ்போர்ட் பார்க்கும் அதிகாரி. ஆவணத்தில் தேதி சரியா, முத்திரை சரியா, போட்டோவில் இருப்பது இவர்தானா? தப்பு விட்டால் சம்பளம் வெட்டு, வீட்டில் பையனுக்கு மருந்து வாங்கக் காசு இருக்காது. கணவரின் ஆவணம் எல்லாம் சரி, பின்னால் வரும் மனைவியிடம் ஒரு தாள் இல்லை. என்ன செய்வீங்க? லூகாஸ் போப் என்ற ஒரே ஆள் செய்த கேம். கிராபிக்ஸுக்கும் கனத்துக்கும் சம்பந்தமில்லை என்று நான் சொல்வதை வேற ஒரு அர்த்தத்தில் இது புரியவைக்கும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கேவ் ஸ்டோரி (2004), ஒரு ஜப்பானியர் ஐந்து வருஷம் தனியாக உட்கார்ந்து செய்து இலவசமாகவே கொடுத்தது. செலஸ்டே (2018) ஓடுமோ ஓடாதோ என்று சந்தேகமாக இருந்தால், அதற்கு விதையாக இருந்த நாலு நாள் கேம் பிரவுசரிலேயே இலவசமாகக் கிடைக்கும், முதலில் அதை ஆடிப் பாருங்க. பேட்டில் ஃபார் வெஸ்நாத், முறை வைத்து ஆடும் போர் கேம், இலவசம். போர்ட்டல் (2007) எச்.டி. 3000-ல் கூட ஓடும், மூளைக்கு வேலை. டூம் ஆட ஆசை என்றால் அதன் கோடை 1997-லேயே வெளியிட்டுவிட்டார்கள், சாக்லேட் டூம் என்ற எஞ்சினோடு ஃப்ரீடூம் என்ற இலவச மேப் தொகுப்பைச் சேர்த்தால் பைசா செலவில்லை. மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு 1.17-லிருந்து ஓப்பன்ஜிஎல் 3.2 கேட்கிறது, விண்டோஸில் எச்.டி. 3000 தருவது 3.1 மட்டும். அங்கேயும் அதே கதைதான், கதவு திறக்காது. 1.16 ஓடும். அல்லது லுவான்டி போடுங்க, 2024 வரை மைன்டெஸ்ட் என்ற பெயரில் இருந்தது. அதற்குள் வாக்ஸெலிப்ரே என்ற கேமை இறக்கினால் கிட்டத்தட்ட அதே அனுபவம்.

எங்கே வாங்குவது, எப்படிச் சோதிப்பது

ஸ்டீம் 2024 ஜனவரி 1-லிருந்து விண்டோஸ் 7, 8 ரெண்டையும் கைவிட்டுவிட்டது. இன்னும் விண்டோஸ் 7-ல் இருப்பவர்களுக்கு ஜி.ஓ.ஜி. தளம் நல்லது. அங்கே வாங்கும் கேமின் இன்ஸ்டாலர் ஃபைலையே இறக்கி பென் டிரைவில் வைத்துக்கொள்ளலாம், கூடவே ஒரு கிளையன்ட் பின்னணியில் ரேமைத் தின்றுகொண்டிருக்காது.

விண்டோஸ் 10-ல் இருப்பவர்கள் ஸ்டீமிலேயே வாங்கலாம். வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குக் குறைவு என்றால் பணம் திரும்பக் கிடைக்கும். அதாவது ஒரு மணி நேரம் உங்கள் மெஷினிலேயே சோதனை ஓட்டம். யூட்யூபில் யாரோ ஒருத்தர் “இதே லேப்டாப்தான்” என்று காட்டுவதைவிட இது நம்பகமானது. சோதிக்கும்போது முதல் லெவலோடு நிறுத்தாதீங்க, சேவ் பண்ணி வெளியே வந்து திரும்ப உள்ளே போய்ப் பாருங்க.

பல பேருக்குத் தெரியாத ஒரு வசதி: லைப்ரரியில் கேமின் மேல் ரைட் கிளிக் பண்ணி, பிராப்பர்ட்டீஸ் போய், பீட்டாஸ் பகுதியைத் திறந்தால் சில கேம்களுக்குப் பழைய பதிப்பு இருக்கும். ஸ்டார்டியூ வேலி பழைய மெஷின்களுக்கென்று ‘காம்பாட்டிபிலிட்டி’ என்ற பதிப்பை வைத்திருக்கிறது. 1998-ன் ஹாஃப்-லைஃப் 2023-ல் புதுப்பிக்கப்பட்டபோது, அதற்கு முந்தைய வடிவத்தை ‘ஸ்டீம் லெகசி’ என்று தனியாக விட்டுவைத்தார்கள்.

கிராக் பதிப்பு இறக்கலாமா என்று கேட்பீங்க. நல்லது கெட்டதை விடுங்க, டெக்னிக்கலாக மட்டும் பார்ப்போம். ரீபேக் என்று சுருக்கிக் கொடுப்பதைப் பழைய பிராசசர் விரிக்க மணிக்கணக்கில் ஆகும். அதற்கு ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணச் சொல்வான். அதே ஹார்ட் டிஸ்க்கில்தான் ஃபைனல் இயர் பிராஜெக்ட்டும் ரிப்போர்ட்டும் இருக்கு. மேலே சொன்னதில் பாதி இலவசமாக இருக்கும்போது எதுக்கு அந்த ரிஸ்க்?

லினக்ஸ் பக்கம் போகலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சுவாரசியமான விஷயம். விண்டோஸ் டிரைவரில் ஓப்பன்ஜிஎல் 3.1-ல் நின்றுபோன அதே எச்.டி. 3000, லினக்ஸின் மெசா டிரைவரில் 3.3 வரை போகும். சிப் அதேதான், எழுதியவர்கள் வேற. விண்டோஸில் கதவைச் சாத்திய மைன்கிராஃப்ட் 1.17 இங்கே திறக்கும். வேகத்துக்கு நான் கேரண்டி இல்லை. ஆனால் விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் சாதாரணமாக வல்கன் கேட்கும், எச்.டி. 3000-ல் அது கிடையாது. எனவே லினக்ஸுக்கென்றே வந்த கேம்களையும் ஓப்பன் சோர்ஸையும் நம்பிப் போங்க.

முதல் பத்து நிமிஷம் நன்றாக ஓடி, அப்புறம் திடீரென்று ஆமை மாதிரி ஆகிறதா? கேம்மேல் பழி போடாதீங்க. சூடு. பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. ஃபேனில் பத்து வருஷத் தூசி இருக்கும், பிராசசர்மேல் இருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். சுத்தம் பண்ணி, பேஸ்ட் மாற்றிவிடுங்க. மெத்தைமேல் வைத்து ஆடாதீங்க, காற்று போகும் ஓட்டையை மெத்தை அடைத்துவிடும். சார்ஜர் குத்தியிருக்கட்டும். கூடவே குரோமை மூடுங்க, நாலு ஜி.பி.யில் ரெண்டை அதுவே எடுத்துக்கொள்ளும்.

கடைசியாக ஒன்று. ஓப்பன்டிடிடி-யில் ஒரே மேப்பில் 15 கம்பெனி வரை நடத்தலாம், பழைய லேப்டாப்பும் ஆர்.டி.எக்ஸ். லேப்டாப்பும் அங்கே சமம். காலேஜ் வைஃபையில் ஒரு லேப்டாப் இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி பிரித்து வைத்திருப்பது சகஜம். அதனால் யாராவது ஒருத்தர் போனில் ஹாட்ஸ்பாட் போடுங்க, மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணியே போடலாம், நெட் தேவையில்லை. எல்லோரிடமும் ஒரே வெர்ஷன் இருக்கணும். ஃபயர்வால் கேட்டால் அனுமதி கொடுத்துவிடுங்க, போர்ட் 3979.